ஒரகடத்தின் வரலாற்றுக்கு யார் படியளப்பது?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போய்ப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் ஊருக்கு அந்தப் பெயர். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எபிகிராஃபியா இண்டிகாவில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்த அந்தக் கல்வெட்டை மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகளோடு அங்கே நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி அது விரிவாகப் பேசுவதே காரணம். அதே கல்வெட்டு ஒரு கல்விச்சாலையையும் சொல்கிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஜனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் ஆகமமும் படித்தவர்கள், படிப்பித்தவர்கள் என ஏறத்தாழ 60 பேரின் சாப்பாட்டுக்கு நெல், படுக்கப் பாய், விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று எல்லாம் அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு நெல் 90 கலம், காசு 8. இவ்வளவு செலவுக்கும் எந்த ஊரின் வருவாய் வந்து சேர வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்றைக்கு ஆய்வு நல்கை என்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு முழுவதும் அந்தச் சுவரில் தெரிகிறது. படிப்பவர் வயிற்றுப்பாட்டுக்கு அலையக்கூடாது. அவர் உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு நிலையான வருவாய் வேண்டும். இதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. வேதம் ஓதப் பிறப்புரிமை பெற்றவர்களுக்குத்தான் அந்த நெல் அளக்கப்பட்டது. அந்த நெல்லை விளைவித்தவர்களின் கேள்வி எதுவும் மண்டபத்துக்குள் நுழையவில்லை. படியளப்பவர் யாரோ அவரே எது படிக்கப்பட வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் கடந்த காலம் இதுவரை எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த விதிதான் வேலை செய்திருக்கிறது. ஆகவேதான் இந்த மண்ணின் வரலாற்றைப் படிப்பதற்கென்று, இந்த மண்ணிலேயே, அரசின் வருவாய்க் கணக்குக்கும் ஆலையின் விளம்பரத்துக்கும் கட்டுப்படாத ஒரு நல்கை வேண்டும் என்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாப் 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இந்த ஜாகீர் எவ்வளவு பெறும் என்று கம்பெனி தெரிந்துகொள்ள விரும்பியது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, அந்த வீடுகளில் யார், என்ன தொழில், எத்தனை காணி நஞ்சை, எத்தனை காணி புஞ்சை, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, களத்தில் குவிந்த நெல்லிலிருந்து கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு மேரை போனது என்று பதிவாயிற்று. இதற்கு ஆதாரம் ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதி வைத்திருந்த தமிழ்க் கணக்குகள். மாவும் காணியும் முந்திரியும் கலமும் குறுணியும் நாழியுமாக எழுதப்பட்ட அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திருமுக்கூடல் சுவரில் உள்ள அதே கலமும் குறுணியும் எழுநூறு ஆண்டு கழித்து ஓலையிலும் வருகின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அளவை மாறவில்லை. யாருக்காக அளக்கிறோம் என்பதுதான் மாறியது.

பர்னார்டின் பதிவேடு எவ்வளவு அரிய பொருள் என்பதற்கு ஒரு தேதியைச் சொன்னால் போதும்: 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு முறியடித்தது அன்றுதான். அந்தப் போர் ஆண்டுகளில் செங்கல்பட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, குடிகள் ஓடிப்போனார்கள். பதினான்கு ஆண்டு கழித்து ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் பார்த்தது ஒரு சிதைந்த நாட்டை. மதுராந்தகம் ஏரிக் கதையில் இன்றும் பேசப்படுகிறவர் இவர்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சிதைவையே இந்த நாட்டின் இயல்பு என்று எழுதினார்கள். சிதைவுக்கு முந்தைய நிலையைக் காட்டும் பதிவேடு கம்பெனியின் சொந்த அலமாரியிலேயே இருந்தது. வரி நிர்ணயத்துக்குப் பயன்பட்ட அளவுக்கு மேல் அதை யாரும் புரட்டவில்லை. கூலி வாங்கியவர் வரியைக் கேட்கச் சொல்லி அனுப்பப்பட்டவர். வரியைக் கேட்டார், பதில் கிடைத்தது, ஏடு மூடப்பட்டது.

இதே காலத்தை ஒட்டி இன்னொரு சம்பவம் நடந்தது. மதராஸ் ராஜதானியில் வரலாற்று ஆய்வுக்கு நல்கை கேட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட முதல் இந்தியர் யார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தோன்றும் பெயர் காவலி வேங்கட லட்சுமய்யா. காலின் மெக்கன்சி தென்னாட்டின் ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்க் கதைகளையும் திரட்டியபோது, தொண்டைமண்டலத்துக் குறும்பர் கோட்டைகளைப் பற்றிய கதைகள் உட்பட, ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர்களை முன்னின்று நடத்தியவர்கள் காவலி சகோதரர்கள். 1821-இல் மெக்கன்சி இறந்த பிறகு வேலை நின்றுபோனது. தொடர்ந்து செய்ய அனுமதியும் ஆதரவும் கேட்டார் லட்சுமய்யா. வங்காள ஆசியக் கழகத்தில் ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் அதைப் பரிசீலித்து, இத்தகைய பணியை ஒரு சுதேசியிடம் ஒப்படைக்க முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். சுவடிகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போனது. முப்பது ஆண்டு அந்தத் திரட்டோடு வாழ்ந்தவரைவிட, அதைப் புதிதாகத் திறந்து பார்க்கிறவர் தகுதியானவர் என்று ஒரு குழு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் நாம் இழந்தது எவ்வளவு என்று அளக்க இப்போது வழியில்லை. திரட்டியவரின் நினைவில் மட்டும் இருந்த சூழல், எந்த ஊரில் யார் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னார் என்பதெல்லாம், அவரோடு போயிற்று.

படியளப்பவரே கேள்வியைத் தீர்மானிக்கிறார் என்ற என் வாதத்தை மறுக்க இதே மாவட்டத்திலிருந்து ஒரு நல்ல சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அரசுச் சம்பளம் வாங்கியவர், அரசும் மிராசுதார்களும் கேட்க விரும்பாத கேள்வியைக் கேட்டார்: நிலத்தில் உழைப்பவருக்கு ஏன் நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூட ஏன் சொந்தமில்லை? 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்ததற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். நூறாண்டு கழித்து, 1994-இல், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தபோது, அந்தப் பழைய அறிக்கை மீண்டும் மேடைகளில் பேசப்பட்டது. ஆக, சம்பளம் வாங்குகிறவர் எல்லோரும் எசமானின் கேள்வியையே கேட்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ட்ரமென்ஹீர் ஒருவர். அவருக்கு முன்னும் பின்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலர். ஒருவரின் மனச்சாட்சியை நம்பி ஒரு வட்டாரத்தின் வரலாற்றை விட்டுவைக்க முடியாது என்பதற்குத்தான் இதுவும் சான்றாகிறது.

பர்னார்டின் ஏடுகள் மறுபடி திறக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். காந்தியவாதியான தரம்பால் (1922–2006) லண்டன் இந்தியா அலுவலக நூலகத்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களைத் தேடினார். நகலெடுக்கப் பணம் போதாமல் பலவற்றைக் கையாலேயே எழுதிக்கொண்டார். 1972–73-இல் பாட்னாவின் ஏ. என். சின்ஹா நிறுவனம் அவரை முதுநிலை ஆய்வாளராக அழைத்தது. அவர் பெற்ற ஆதரவுகளில் அதுவும் ஒன்று. அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பழைய ஊரமைப்பின் நிறைவைக் கண்ட அளவுக்கு அதற்குள் இருந்த அடிமைத்தனத்தை அவர் காணவில்லை என்ற விமரிசனத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்த வட்டாரத்தின் ஊர்கள் எவ்வளவு விளைவித்தன, விளைந்ததை எப்படிப் பங்கிட்டன என்று கேட்கலாம் என்பதையே அவர்தான் நமக்குக் காட்டினார். ஜிதேந்திர பஜாஜும் எம். டி. ஸ்ரீனிவாஸும் சென்னையில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஜப்பானிலிருந்து மிசுஷிமா சுகாசா வந்து அதே பர்னார்டு பதிவேட்டை வைத்து மிராசு முறையை ஊர் ஊராக ஆராய்ந்தார். கலிபோர்னியாவின் யூஜின் இர்ஷிக் 1994-இல் இந்தச் சீமையைப் பற்றித் தனி நூலே எழுதினார். டோக்கியோவும் பெர்க்லியும் செங்கல்பட்டைப் படிக்கத் தங்கள் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் பயணப்படியும் கொடுத்தன. ஒரகடத்துப் பிள்ளை ஒருவர் தன் ஊர் ஓலையைப் படிக்க ஓராண்டு உட்கார இங்கே யார் கொடுத்தார்கள்?

நல்கைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. டெல்லி தீன்மூர்த்தி பவனில் 1964-இல் தொடங்கிய நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும் பல தலைமுறை வரலாற்றாசிரியர்களுக்கு நல்கை கொடுத்து நூலெழுத வைத்தது. 2023-இல் அது பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம் என்று பெயர் மாறியது. 1972-இல் அமைந்த இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் உதவித்தொகை தருகிறது. எழும்பூரில் ஆவணக் காப்பகத்தை ஒட்டிய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும் தருகிறது. எழும்பூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: 1851-இல் தோன்றிய அருங்காட்சியகமும் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, ஆவணக் காப்பகம் நடந்து போகும் தொலைவு. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் திரட்டை 1904-இல் வாங்கி வைத்திருப்பதும் அந்த அருங்காட்சியகமே. பொருளும் ஏடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆய்வு எப்படி நடக்கும் என்பதற்கு எழும்பூர் நல்ல முன்மாதிரி. ஆனால் டெல்லியின் நல்கை தேசத்தின் கேள்விகளுக்கு, சென்னையின் நல்கை மாநிலத்தின் கேள்விகளுக்கு. ஒரு தாலுகாவின் கேள்வி இரண்டிலும் சிறியதாகத்தான் தெரியும்.

அந்தச் சிறிய கேள்விகளுக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. 1990-களின் நடுவிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக எழுந்தன. 1998-இல் ஹூண்டாயின் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. கழனியும் மேய்ச்சல் நிலமும் ஏரிக்குப் போன வரத்துக் கால்வாயும் மனை எண்களாக மாறின. இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பது என் வாதம் அல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனால் பிழைக்கின்றன. ஆனால் மாறியது என்ன என்று எழுதி வைக்க ஆளில்லாமல் மாறுகிறது என்பதே குறை. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தபோது அரசிடம் சேராத பழைய கணக்குகள் வீட்டுப் பரண்களில் தங்கின. அந்த வீடுகள் இப்போது விலைபோகின்றன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும், மேலடுக்குகளில் பிற்காலத்துப் பானையோடுகளும், பொன் அணிகளும் கிடைத்தன. கருவி செய்யும் தொழில் இந்த மண்ணுக்குக் கார் ஆலையோடு வந்ததல்ல என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? அந்த ஊரைச் சுற்றி இன்னும் எத்தனை மேடுகள் தோண்டப்படாமலே சமன் செய்யப்பட்டன என்று கேட்க ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டும். ஆலைகளின் காலமும் இதற்குள் வரலாறாகிவிட்டது. நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. தொலைபேசி செய்த இளம்பெண்கள் பல மாவட்டங்களுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களின் அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் விடுதி அறை வாடகை ரசீதும் வருங்கால வரலாற்றாசிரியருக்குப் பர்னார்டின் பதிவேடு போன்றவை. அவற்றைச் சேர்த்து வைக்க இந்த வட்டாரத்தில் ஓர் அலமாரி கிடையாது.

எல்லாம் கணினிக்குள் வந்துவிட்ட காலத்தில் ஆய்வாளர் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று கேட்பார்கள். ஏட்டின் படம் எங்கும் கிடைக்கலாம். ஏட்டில் உள்ள ஊர் எது என்பது எங்கும் கிடைக்காது. செங்கல்பட்டுச் சீமையில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஓர் ஒரகடம், திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒரகடம். பல்லவர் குடைவரை உள்ள வல்லம் ஒன்று, தொழிற்பூங்கா உள்ள வல்லம் வேறொன்று. குன்னத்தூர்களை எண்ணி முடியாது. எந்தக் கலங்கலிலிருந்து வழிந்த நீர் எந்த ஏரிக்குப் போகும் என்று தெரிந்தவருக்குத்தான் ஓலையில் உள்ள எல்லைக் குறிப்பு பேசும். லட்சுமய்யாவை ஒதுக்கிய குழு செய்த பிழை இதே பிழை: ஏடு போதும், ஊர் தெரிந்த ஆள் வேண்டாம் என்று நினைத்தது.

வேலையும் மருத்துவமனையும் கேட்கிற ஊரில் வரலாற்று ஆய்வுக்குப் பணமா என்பது இன்னும் கனமான கேள்வி. இதற்கு விடை திருமுக்கூடலிலேயே இருக்கிறது. ஒரே கல்வெட்டில், ஒரே வருவாயில், நோயாளிக்குப் படுக்கையும் மாணவனுக்குப் பாயும் ஒதுக்கியவர்கள் ஒன்றுக்கு மற்றொன்று போட்டி என்று நினைக்கவில்லை. பணமும் இல்லாமல் இல்லை. 2013-இன் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பும் பொது நூலகம் அமைப்பதும் அந்தப் பணிகளின் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. இத்தனை ஆலைகள் நெருக்கமாக அமைந்த ஒரு தாலுகாவில் ஒரு சிறு அருங்காட்சியகமும் நூலகமும் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆய்வாளர்களும் பெரிய சுமை ஆகா.

ஆலையின் பணத்தில் ஆலையின் வரலாற்றை எழுதினால் அது விளம்பரமாகாதா? ஆகும், பணம் ஆண்டுதோறும் கைநீட்டிப் பெறுவதாக இருந்தால். நான் முன்வைத்த வாதத்தின்படியே அது ஆகித்தான் தீரும். சோழர் காலத்தவர் இதற்குக் கண்ட வழி, கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாதபடி கொடுப்பது. ஊரின் வருவாய் அறக்கட்டளைக்கு என்று எழுதிய பிறகு இவ்வாண்டு படித்தது பிடிக்கவில்லை என்று நெல்லை நிறுத்த முடியாது. அளவு கல்லில் இருந்தது, வருவோர் போவோர் எல்லோரும் படிக்கும் சுவரில் இருந்தது. இன்றும் அப்படியே செய்யலாம். நிறுவனங்கள் முதலை ஒருமுறை கொடுத்துவிட்டு விலக வேண்டும். அதைப் பல்கலைக்கழகமும் ஆவணக் காப்பகமும் தொழிற்சங்கங்களும் ஊராட்சிகளும் அமர்ந்த ஒரு குழு நடத்த வேண்டும். தேர்வானவர் பெயர், தொகை, தலைப்பு மூன்றும் பொதுவில் இருக்க வேண்டும். ஆய்வாளர் ஓலை எழுத்தும் தமிழ் எண்ணும் படிக்கத் தெரிந்தவராக, அல்லது முதல் மூன்று மாதம் அதைக் கற்பவராக இருக்க வேண்டும். தஞ்சையிலிருந்தும் லண்டனிலிருந்தும் அவர் எடுத்துவரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஸ்ரீபெரும்புதூரில் தங்க வேண்டும். நஞ்சையை அளந்த கணக்கனின் ஓலையைப் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே இடம், படியாளின் பேத்தி சொல்லும் வாய்மொழியைப் பதிவு செய்பவருக்கும் கிடைக்க வேண்டும். திருமுக்கூடல் மண்டபம் செய்யாமல் விட்டது அதுதான்.

இதெல்லாம் நடக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை இந்த வட்டாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டை இடிக்கும்போது பரணில் ஓலைக்கட்டோ பழைய அடங்கலோ கிடைத்தால் அடுப்பிலும் போடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடமும் போடாதீர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். ஆலை வேலையிலிருந்து வந்தவர்கள் உங்கள் அடையாள அட்டையையும் முதல் மாதச் சம்பளச் சீட்டையும் ஓர் உறையில் போட்டு, ஆண்டையும் ஊரையும் மேலே எழுதி வையுங்கள்.